வெளியாள் கை

போட்டி நடந்த பள்ளிக்கூடத்தின் வாசலில் கால் வைத்ததுமே டெய்லரம்மாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. எரியாமல் என்ன செய்யும்? இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள், பழைய சைக்கிள் சக்கரம் இரண்டையும் மரச்சட்டத்தையும் வேனிலிருந்து மூச்சு வாங்க வாங்க இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஒரு நீளமான கார் வந்து நிற்கிறது. அதன் பின்கதவு திறக்கிறது. பளபளவென்று அலுமினியத்தில் ஒரு யந்திரம் வெளியே வருகிறது. அதை இறக்கியவர் பிள்ளை இல்லை, பிள்ளையின் அப்பா. இறக்கியதோடு விட்டாரா? சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, தரையில் முட்டி போட்டு, இரண்டு திருகு திருகினார். அவருடைய அணிப் பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரே போனை எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர்? பட்டப்பகல்ல!" என்றாள் டெய்லரம்மா.

அணிக்குப் பொறுப்பான அறிவியல் டீச்சர் பெருமூச்சு விட்டார். "அவர் என்ஜினியர். போன வருஷமும் இப்படித்தான். விடுங்கம்மா, நம்ம வேலையை நாம பாப்போம்."

விடுவதா? டெய்லரம்மா எதையும் விடுகிற ஜாதி இல்லை. அதிலும் இந்த விஷயத்தில் அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

போட்டி இதுதான். மின்சாரம் இல்லாமல் ஓடும் ஒரு யந்திரத்தைப் பிள்ளைகள் செய்ய வேண்டும். அது பத்துப் பந்துகளை மேடையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதைச் சுற்றி எட்டு நிமிடத்துக்கு ஒரு நாடகமும் போட வேண்டும். இதெல்லாம் பெரிதில்லை. பெரியது ஒரே ஒரு விதி: எல்லாவற்றையும் பிள்ளைகளே யோசிக்க வேண்டும், பிள்ளைகளே செய்ய வேண்டும். வெளியாள் கை ஓர் ஆணியில்கூடப் படக்கூடாது. வெளியாள் என்றால் தெருவில் போகிறவன் இல்லை. பெற்ற தாயும் வெளியாள்தான், சொல்லிக்கொடுக்கிற டீச்சரும் வெளியாள்தான். "அதை இப்படிப் பிடி" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது உதவி. எந்தப் பொருளை யார் செய்தார்கள், எதற்காக அப்படிச் செய்தார்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். "நாங்கள் எதிலும் கை வைக்கவில்லை" என்று பெற்றவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். டெய்லரம்மாவும் போட்டிருந்தாள்.

மூன்று மாதமாக அந்த ஐந்து பேரும் கூடியது அவள் வீட்டு முன்னறையில்தான். முன்னறைதான் அவளுடைய கடையும். ஒரு பக்கம் தையல் மிஷின், துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷின், பேன்ட் நீளம் குறைக்க வந்த துணி மூட்டை. மறுபக்கம் அவள் மகள் குண்டூசியும் கூட்டாளிகளும். ஆள் சிறிசு, குத்தினால் சுருக்கென்று இருக்கும் என்பதால் வகுப்பில் வைத்த பேர் அது. வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. கூட்டாளிகள் நாலு பேர்: நெட்டையன், வாயாடி, கணக்குப்புலி, தூங்குமூஞ்சி. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். ஆணி அடிக்கத் தெரியாமல் விரலில் அடித்துக்கொண்டார்கள். சக்கரத்தில் துணிப் பட்டை வழுக்கியது. ஒரு வாரம் முழுக்க வழுக்கியது. பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் சக்கரத்தில் ஒட்டினால் பிடித்துக்கொள்ளும் என்று டெய்லரம்மாவுக்கு முதல் நாளே தெரியும். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மிஷினை மிதித்தாள். எட்டாம் நாள் தூங்குமூஞ்சியே செருப்பைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தபோது அவளுக்குத்தான் முதலில் கண் கலங்கியது.

லாரி ஓட்டும் அவள் வீட்டுக்காரர் போனில் கேட்டுவிட்டுச் சிரித்தார். "உன் வாயை மூணு மாசம் மூடி வச்சிருக்காங்களே, அந்தப் போட்டிக்காரங்களுக்கு நான் ஒரு மாலை போடணும்."

முதலிடம் பிடிக்கும் ஒரே ஓர் அணிதான் அடுத்த சுற்றுக்குப் போகும். அது வேறு ஊரில், நாலு நாள். அவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அதுவரை ஒருத்தரும் போனதில்லை. குண்டூசி அதற்காக ஒரு பையை இரண்டு வாரம் முன்னாலேயே எடுத்து வைத்துவிட்டாள். உள்ளே பல் தேய்க்கிற பிரஷ்கூட இருந்தது.

அன்று காலையில் நடந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

குண்டூசி குளிக்கப் போயிருந்தாள். பந்துகளைச் சுமக்கும் அந்த நீளத் துணிப் பட்டை மிஷின் மேசைமேல் கிடந்தது. பழைய ஜன்னல் திரையைக் கிழித்துச் செய்தது. அதன் இரண்டு முனைகளும் சேரும் இடத்தைக் குண்டூசி கையால் தைத்திருந்தாள். தையலா அது! ஒரு சாண் அகலத்துக்கு ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, கோழி கிளறின மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊசி ஓடியிருந்தது. ஓரத்தில் ஒரு நூல் நீளமாகத் தொங்கியது.

டெய்லரம்மாவால் தொங்கும் நூலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் முன் சீட்டில் இருப்பவரின் காலரில் நூல் தொங்கினாலும் அவள் விரல் துறுதுறுக்கும். ஒருமுறை முன்பின் தெரியாத ஓர் அம்மாவின் கைப்பை நூலை அறுக்கப் போய்த் திருடி என்று பேர் வாங்கப் பார்த்தாள். அந்தப் பழக்கத்தில் கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டாள். நறுக்கிய பிறகுதான் தெரிந்தது, பிள்ளை முடிச்சே போடாமல் ஒரே நூலில் எல்லாவற்றையும் தைத்து, கடைசியில் இழுத்துக் கட்டிக்கொள்ள வால் விட்டிருக்கிறாள் என்று. பட்டையைத் தூக்கியதும் நாலைந்து தையல் சரசரவென்று கழன்றது.

வேன் வர இருபது நிமிடம். மகளைக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். டெய்லரம்மா மிஷினில் உட்கார்ந்தாள். மிச்சத்தையும் பிரித்தாள். அளவு ஒரு நூல்கூட மாறாமல், ஜீன்ஸ் பேன்ட்டுக்குப் போடுகிற மாதிரி உள்ளே மடித்து, அதே நீல நூலில் இரட்டைத் தையல் போட்டாள். ஐந்து நிமிடம். யானையைக் கட்டி இழுத்தாலும் பிரியாது. நான் கெடுத்ததை நானே சரி செய்தேன், இதில் உதவி எங்கே வந்தது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பட்டையைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். குண்டூசி வந்தாள். நாடகத்துக்குக் கொண்டை போட வேண்டும். அதுவும் வேஷத்தில் சேர்த்தி என்பதால் அம்மா கை படக்கூடாதாம். கோணலாக வகிடு எடுத்து அவளே போட்டுக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு வேனில் ஏறிவிட்டாள்.

டெய்லரம்மா அந்தத் தையலை அதோடு மறந்தும் போனாள். பொய் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது துணி தைக்கிறவளுக்கு நாற்பத்தொன்றாவது ஞாபகத்தில் நிற்குமா?

பள்ளிக்கூடத்தின் பெரிய ஹாலில் ஒவ்வோர் அணிக்கும் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தார்கள். கட்டத்துக்கு வெளியே கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் பெற்றவர்கள். நம் பிள்ளைகள் சட்டத்தை நிமிர்த்திச் சக்கரத்தை மாட்டிக்கொண்டிருந்தபோது டெய்லரம்மாவின் கண் முழுக்க அடுத்த கட்டத்தில் இருந்தது. என்ஜினியரின் மகன் தண்ணீர் குடிக்கக் கயிற்றோரம் வந்தான். அவள் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"நல்லா இருக்குப்பா உங்க மெஷினு. அந்தப் பல்சக்கரம் எப்படிச் சுத்துது?"

"அதெல்லாம் அப்பாவுக்குத்தான் ஆன்ட்டி தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தான். பாவம், சூது தெரியாத பிள்ளை.

போதாதா? டெய்லரம்மா நேராக நடுவர் மேசைக்குப் போனாள். டீச்சர் பின்னாலேயே, "வேண்டாம்மா, வேண்டாம்மா" என்று ஓடி வந்தார். காதில் ஏறினால்தானே.

தலைமை நடுவர் ஒரு பெண்மணி. கழுத்தில் அடையாள அட்டை, மூக்கு நுனியில் கண்ணாடி. டெய்லரம்மா மூச்சு விடாமல் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எழுதிக் கொடுக்கிறீங்களா?"

"தாளைக் குடுங்க."

"ஒண்ணு சொல்லிடறேன். புகார்னு ஒண்ணு வந்தா, அந்த அணியை மட்டும் விசாரிக்க மாட்டோம். இந்தப் பிரிவுல இருக்கிற எல்லா அணியையும் ஒரே மாதிரி விசாரிப்போம். அதுதான் முறை."

"விசாரிங்க! நல்லா விசாரிங்க!" டெய்லரம்மாவின் குரல் ஹாலின் மறு மூலைவரை போனது. "எங்க பிள்ளைங்ககிட்டயே முதல்ல ஆரம்பிங்க. மடியில கனம் இருக்கிறவங்க பயப்படட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பினால் என்ஜினியர் நின்றார். நிதானமாகச் சிரித்தார். "என்னம்மா, பிள்ளைங்க விளையாட்டுதானே. இதுக்குப் போய் ஏன் இவ்வளவு டென்ஷன்?" அந்தச் சிரிப்பை அங்கேயே பிடித்துக் கிழித்துப் போடலாம்போல இருந்தது அவளுக்கு.

அவள் கேட்டுக்கொண்டபடியே முதலில் அவள் பிள்ளைகளின் கட்டத்துக்குத்தான் வந்தார்கள். தலைமை நடுவரும் இன்னும் இரண்டு பேரும். கையில் அந்தப் பட்டியல்.

பிள்ளைகள் பொளந்து கட்டினார்கள். செருப்பு ரப்பர் எப்படி வந்தது என்று தூங்குமூஞ்சி கண்ணைக் கசக்கிக்கொண்டே சொன்னான். கைப்பிடியை ஒரு சுற்று சுற்றினால் பட்டை எவ்வளவு நகரும் என்று கணக்குப்புலி விரலை மடித்துச் சொன்னாள். பந்து உட்கார வெட்டிய பாட்டில்கள் ஏன் சாய்வாக இருக்கின்றன என்று நடுவர் கேட்டதற்கு, "நேரா இருந்தப்போ பந்தெல்லாம் எங்க மூஞ்சியிலயே விழுந்துச்சு மேடம்" என்றான் நெட்டையன். நடுவர்கள் சிரித்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் டெய்லரம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு என்ஜினியரைப் பார்த்தாள். கேட்டுக்கோ என்று பார்த்தாள்.

"பட்டை இணைப்பு" என்று பட்டியலைப் படித்தார் தலைமை நடுவர். "கைத்தையல். ஒரு சாண் அகலத்துக்குப் பரவலாகத் தைத்தது. இது யாரு?"

"நான்தான் மேடம்." குண்டூசி ஓர் அடி முன்னால் வந்தாள். கோணல் கொண்டை ஆடியது. "முதல்ல ஒரே கோடா தைச்சேன். அந்தக் கோட்டுலயே கிழிஞ்சிடுச்சு. அப்புறம் மடிச்சுத் தைச்சேன். மடிப்பு தடியா இருந்துச்சு. சக்கரத்துல ஏறும்போது பட்டை எகிறிப் பந்து கீழ விழுந்துடுச்சு. எட்டாவது தடவைதான் இப்படிப் பரவலா தைச்சேன். இழுவை எல்லாத் தையலுக்கும் பங்காயிடும், மேடும் இருக்காது."

மடித்துத் தைத்தேன், மடிப்பு தடியாக இருந்தது. அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் டெய்லரம்மாவுக்குக் காலையில் தான் போட்ட தையல் ஞாபகம் வந்தது.

"காட்டு பாப்போம்."

குண்டூசி சிரித்துக்கொண்டே பைக்குள் கை விட்டாள். பட்டையை உருவினாள். இணைப்பைத் தேடினாள். கிடைத்தது. சிரிப்பு அப்படியே நின்றது.

நீல நூலில், ரயில் தண்டவாளம் மாதிரி இரண்டு கோடு. ஒரு புள்ளி விலகாத மிஷின் தையல். நடுவர் குனிந்து பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், மறுபடி குனிந்து பார்த்தார். வாயாடியும் எட்டிப் பார்த்தாள்.

"இதுவா நீ தைச்சது?"

ஆமாம் என்று சொல்லிவிடு என்று டெய்லரம்மாவின் உள்ளுக்குள் ஏதோ கத்தியது. ஆமாம், கடைசியில் மிஷினில் போட்டுக்கொண்டேன் என்று சொல்லிவிடு. யாருக்குத் தெரியப்போகிறது? உன் அம்மா டெய்லர், உனக்கு மிஷின் ஓட்டத் தெரியும், ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

குண்டூசி நிமிர்ந்தாள். அம்மா பக்கம் திரும்பவே இல்லை.

"இல்ல மேடம். இது என் தையல் இல்ல. எங்க அம்மாவோடது."

என்ஜினியர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். டெய்லரம்மா கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். "அவளுக்குத் தெரியாதுங்க! சத்தியமா தெரியாது! காலையில ஒரு நூலை வெட்டினேன், பிரிஞ்சிடுச்சு, நான் பண்ணின தப்பை நானே..."

"கயிற்றுக்கு அந்தப் பக்கம் போங்கம்மா" என்றார் நடுவர். குரலில் கோபமில்லை. கோபப்பட்டிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "பிள்ளைகள்மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா விதி விதிதான். வெளியாள் செஞ்ச பொருளுக்கு ஐம்பது புள்ளி குறையும். இதை அப்படியே பயன்படுத்தவும் முடியாது. பிள்ளைங்களா, உங்க முறை வர முப்பது நிமிஷம் இருக்கு. பிரிச்சுட்டு, நீங்களே திரும்பத் தைக்கறதா இருந்தா தைக்கலாம்."

ஊசியும் நூலும் பிள்ளைகளின் பெட்டியில் இருந்தன. நூல் வெட்டச் சின்னக் கத்தரியும் இருந்தது. அதை வைத்துக்கொண்டு குண்டூசி தரையில் உட்கார்ந்தாள். பிரித்தாள். பிரிக்க முயன்றாள் என்று சொல்ல வேண்டும். டெய்லரம்மா போட்ட இரட்டைத் தையல் அவ்வளவு லேசில் பிரியுமா? ஜீன்ஸ் கம்பெனிக்காரன் வந்தாலும் முழி பிதுங்கும். ஒவ்வொரு தையல் கண்ணாகக் கத்தரி நுனியை விட்டு நெம்பினாள். கை வழுக்கி இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டாள். நெட்டையன் ஒரு முனையை இழுத்துப் பிடித்தான், கணக்குப்புலி நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தையல் பிரிக்கிற கொக்கி ஊசி டெய்லரம்மாவின் கைப்பைக்குள்ளேயே இருந்தது. எங்கே போனாலும் அது பையில் இருக்கும். எடுத்து நீட்டினால் ஒரு நிமிட வேலை. கயிறு குறுக்கே இருந்தது. அவள் பையை வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றாள். தன் வாழ்க்கையில் தன் கைத்திறமையை நினைத்து அவளுக்கு ஆத்திரம் வந்தது அன்றைக்குத்தான். பதினாறு நிமிடம் போயிற்று பிரிக்கவே.

இதற்குள் அடுத்த கட்டத்தில் விசாரணை முடிந்துவிட்டது. என்ஜினியரின் மகன் பல்சக்கரத்தைப் பற்றிப் பாடம் ஒப்பிப்பதுபோல் கடகடவென்று ஒப்பித்தான். ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டு என்றார்கள், கழற்றி மாட்டினான். புகார் போனதும் அப்பா சொல்லிப் பழக்கி விட்டிருக்கிறார். "அப்பாவுக்குத்தான் தெரியும்னு சொன்னியாமே?" என்று நடுவர் கேட்டதற்கு, அவன் அப்பாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நான் அப்படிச் சொல்லலையே" என்றான். முடிந்தது. ஒரு புள்ளிகூடக் குறையவில்லை. தண்ணீர் குடிக்க வந்த அந்தச் சூதறியாத பிள்ளை ஒரு மணி நேரத்துக்குள் கற்றுக்கொண்டுவிட்டான். டெய்லரம்மாவுக்கு அந்த அப்பன்மேல் வந்த கோபத்தைச் சொல்லி மாளாது.

முறை வந்தது. குண்டூசி கடைசித் தையலை இழுத்துக் கட்டி, பட்டையை மாட்டியபோது நேரம் சரியாக இருந்தது.

பெற்றவர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். நாடகம் ஆரம்பித்தது. ஊரார் தொலைத்த தூக்கத்தையெல்லாம் கண்டுபிடித்துத் திருப்பித் தருகிற ஓர் அலுவலகம், குண்டூசி அதன் மேலாளர், பத்துப் பந்தும் பத்துப் பேருடைய தூக்கம், திருடியவன் தூங்குமூஞ்சி. முன்னறையில் ஒத்திகை பார்த்துப் பார்த்து டெய்லரம்மாவுக்கு மனப்பாடம். நெட்டையன் கைப்பிடியைச் சுற்றினான். பட்டை நகர்ந்தது. முதல் பந்து போயிற்று. இணைப்பு மெல்ல ஊர்ந்து மேலே வந்தது, சக்கரத்தைத் தொட்டது, சுற்றிக் கீழே போயிற்று. அவசரத்தில் போட்ட தையல். ஓர் ஓரத்தில் கொஞ்சம் உப்பியிருந்தது. இரண்டாவது பந்து. மூன்றாவது. மறுபடி இணைப்பு வந்தது. உப்பின இடத்தில் ஒரு கண் தளர்ந்ததா? இல்லை. தளர்ந்ததா? ஆறாவது பந்து. பட்டை ஒரு நொடி நின்றது. சுற்றிலும் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள், கை தட்டினார்கள். பட்டை மறுபடி நகர்ந்தது. ஏழு. எட்டு. இணைப்பு. ஒன்பது. பத்து. பந்து கூடையில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் அவள் நாற்காலியின் கைப்பிடியை விட்டாள்.

தையல் பிரியவில்லை. பத்துப் பந்தும் போய்ச் சேர்ந்தது. இரண்டு பந்தைக் கீழே போட்டது என்ஜினியரின் அலுமினிய யந்திரம்தான்.

இருந்தும் என்ன? மாலையில் முடிவைப் பலகையில் ஒட்டினார்கள். ஐம்பதைக் கழித்த பிறகு இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் இரண்டாம் இடம். முதலிடம் அலுமினியத்துக்கு. என்ஜினியர் மகனைத் தோளில் தட்டினார். பையன் சிரிக்கவில்லை. அப்பாவின் கையை விலக்கிவிட்டுக் காருக்கு நடந்தான்.

வேன் நின்ற இடத்தில் வைத்து டெய்லரம்மா வெடித்தாள். யார்மேல்? அதுதான் கொடுமை. நடுவரை ஏசினாள், என்ஜினியரை ஏசினாள், விதியை எழுதினவனை ஏசினாள். ஆத்திரம் அடங்காமல் கடைசியில் மகள்மேலேயே பாய்ந்தாள்.

"ஏன்டி, ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில முத்தா உதிர்ந்திடும்? அந்தப் பையனைப் பாத்தியா? கூசாம சொன்னான்ல? அவன் போறான். நீ இங்க நிக்கிற!"

"நான் பொய் சொல்லணுமா?"

"நான் பெத்தவடி! உனக்காகத்தான் பண்ணினேன்!"

"எனக்காக இல்லம்மா." குண்டூசியின் குரல் உயரவில்லை. முகம்தான் சிவந்திருந்தது. "நூல் தொங்கினா உனக்குப் பொறுக்காது. கழண்டுடுச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தைச்சிருப்பேன். இருபது நிமிஷம் இருந்துச்சு. நீ சொல்லவே இல்ல. ஏன்னா என் தையல் உனக்குத் தையலே இல்ல."

"அப்படி நான் சொன்னேனா?"

"எட்டு தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சேன். நீ பக்கத்துலயே உக்காந்திருந்த. ஒரு தடவைகூட உன்கிட்ட கேக்கல. கேட்டா நீ சொல்லிடுவன்னுதான் கேக்கல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சரி விடு. இன்னைக்கு மேடையில பாத்தியா?"

"பாக்காம? கண் கொட்டாமப் பாத்தேன்."

"நடுவுல எல்லாரும் சிரிச்சாங்களே. நான் என்ன சொன்னேன்?"

டெய்லரம்மா வாயைத் திறந்தாள். நாடகத்தின் ஒவ்வொரு வசனமும் அவளுக்குத் தெரியும். ஆனால் ஒத்திகையில் அந்த இடத்தில் சிரிப்பே கிடையாது. என்னவோ புதிதாகச் சொல்லியிருக்கிறாள். கை தட்டல் கேட்டது. சத்தம் காதில் இருக்கிறது. சொல் இல்லை. ஆறாவது பந்து போனபோது இணைப்பு எங்கே இருந்தது என்று கேட்டால் அங்குலக் கணக்கில் சொல்வாள்.

"அது வந்து... நான் அந்த ஓரத்துல ஒரு கண்ணு..."

"போம்மா" என்றாள் குண்டூசி. வேனின் கடைசி சீட்டில் கூட்டாளிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள்.

டெய்லரம்மா முன் சீட்டில் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேன் கிளம்பியது. பின்னால் பிள்ளைகள் என்னவோ குசுகுசுவென்று பேசி, அடக்க முடியாமல் சிரித்தார்கள். கோபித்துக்கொள்ள இன்னும் ஓர் ஆள் கிடைத்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. யாரும் இல்லை. இரண்டு சிக்னல் தாண்டும்வரை பொறுத்தாள்.

"டீச்சர், அவ மேடையில என்ன சொன்னா?"

டீச்சர் திரும்பிப் பார்த்தார். "நீங்க முதல் வரிசையிலதானேம்மா இருந்தீங்க?"

"சொல்லுங்க டீச்சர்."

"அந்த ஆறாவது பந்து கொஞ்சம் தடுமாறிச்சு இல்ல? நெட்டையன் பயந்து கைப்பிடியை விட்டுட்டான். உடனே இவ மேலாளர் மாதிரியே இடுப்புல கைய வச்சுக்கிட்டு, 'ஏன்யா நிறுத்தின? தைச்சது நானு! பாக்கக் கண்றாவியாத்தான் இருக்கும், பிரியாது, சுத்துய்யா!'ன்னா. ஹாலே கொல்லுன்னு ஆயிடுச்சு. நடுவரம்மாவே எழுந்து நின்னு கை தட்டினாங்க. அவங்க எழுந்து நான் பார்த்ததே இல்லை."

டெய்லரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெரு போய்க்கொண்டிருந்தது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்" என்றாள்.